ஆறு ஞாயிறுகளும் ஓடாத ஒரு கேமரா வண்டியும்

என் கணவருக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சர்வீஸ் சாலையில் தண்ணீர் லாரிக்கு வழிவிட ஒதுங்கியபோது பைக்கோடு விழுந்தார். எலும்பு முறியவில்லை. தோளைச் சுற்றியிருக்கும் தசைநார் கிழிந்துவிட்டது. மார்பு உயரத்துக்கு மேல் ஒரு கிலோவுக்கு அதிகமாக எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அவருடைய கேமரா, லென்ஸோடு சேர்த்து, இரண்டு கிலோ முந்நூறு கிராம். சமையலறைத் தராசில் நானே வைத்துப் பார்த்தேன்.

அவர் கல்யாண வீடியோவும் கம்பெனிப் படங்களும் எடுப்பவர். இருபத்திரண்டு வருடமாக அதுதான் தொழில். கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு மாலையிலிருந்து முகத்துக்கு, முகத்திலிருந்து விளக்குக்கு, நடுக்கமே இல்லாமல் நகர்த்திக்கொண்டு போவார். ஓசூரில் அவரை அழைத்தவர்கள் அதற்காகத்தான் அழைத்தார்கள். விழுந்த பிறகு, வந்த கல்யாணங்களை எல்லாம் தெரிந்தவர்களுக்குத் திருப்பிவிட்டார். ஒன்றை மட்டும் விடவில்லை. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலை, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் காட்ட ஒரு படம் கேட்டிருந்தது. பழம் இறங்குவதிலிருந்து கூழ் டிரம்மில் நிறைவது வரை. பெங்களூரா மாம்பழத்தின் வரத்து இருக்கும்வரைதான் ஆலை முழுவீச்சில் ஓடும். ஜூலை முதல் வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், முடியாவிட்டால் சொல்லிவிடுங்கள், பெங்களூரிலிருந்து ஆள் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

ஒருநாள் காபி குடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "இதுவும் போச்சுன்னா கேமராவை வித்துடலாம். பாகலூர் ரோட்டு அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேணுமாம். கேட்டு வெச்சிருக்கேன்."

கேட்டு வைத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார். அன்றைய நாட்குறிப்பில் அந்த வாக்கியத்தை மட்டும் எழுதினேன்.

லேத் பட்டறை வைத்திருக்கும் அவருடைய நண்பர் ஒருவர் வழி சொன்னார். ஒன்றரை மீட்டர் நீளத்தில் தண்டவாளம் போல ஒரு சட்டம், அதன்மேல் கேமரா உட்காரும் சிறு வண்டி, வண்டியை நகர்த்த ஒரு மோட்டார், கேமராவைத் திருப்ப இன்னொரு மோட்டார். எங்கிருந்து எங்கே, எவ்வளவு வேகத்தில் என்று கணினியில் சொல்லிவிட்டால், அதே ஓட்டத்தைப் பிசகாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடும். கடையில் விற்பது எங்களுக்குக் கட்டுபடியாகாது. நண்பரே இரண்டு வாரத்தில் செய்து கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். உள்ளங்கை அளவில் ஒரு சர்க்யூட் பலகையும் இருந்தது.

"இரும்பு வேலை என் பொறுப்பு, முடிச்சிட்டேன் அண்ணி. இதை ஓட்டற சாஃப்ட்வேர் நெட்ல இலவசமாவே கெடக்குது. யார் வேணாலும் எடுத்துக்கலாம். சும்மா போட்டுக்கங்க."

சும்மா போட்டுக்கொள்ள எனக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

நான் ஏன் இதில் இறங்கினேன் என்றால், வீட்டில் எதையும் வரிசையாகச் செய்கிறவள் நான்தான். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக ஆவணக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். வரைபடங்களும் வேலைமுறைத் தாள்களும் என் கையெழுத்தோடுதான் மெஷினுக்குப் போகும். திருத்திய பதிப்பு வந்தால் பழையதை ஒவ்வொரு மெஷினிலிருந்தும் கழற்றி வர வேண்டும். "காலாவதி" என்று சிவப்பு முத்திரை குத்தி, எண்ணி, கிழிக்கும் இயந்திரத்தில் போட வேண்டும். ஒரே ஒரு பழைய தாள் ஒரு மெஷினில் தங்கிவிட்டால்கூட, ஒரு ஷிப்ட் முழுவதும் துளை தப்பான இடத்தில் விழும். அது ஒருமுறை நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒருமுறையும் நடக்கவில்லை.

முதல் ஞாயிறு. மென்பொருளின் பக்கத்திலிருந்த நிறுவல் குறிப்பை அச்செடுத்தேன். மூன்று தாள், பதினொரு படிகள். எழுதியவர் யாரோ வெளிநாட்டுக்காரர். ஓய்வு நேரத்தில் செய்து எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு சதுரம் வரைந்தேன், முடிந்ததும் டிக் அடிக்க. காலை ஒன்பதேகாலுக்கு ஆரம்பித்து மதியத்துக்குள் நான்காவது படிக்கு வந்துவிட்டேன். நான்காவது படியில் பைத்தான் என்ற மொழியையும், அதோடு சேர்ந்த ஐந்து துணை மென்பொருள்களையும் கணினியில் ஏற்ற வேண்டும்.

"என்ன போடற?" என்று அவர் சாய்வு நாற்காலியிலிருந்து கேட்டார்.

"பைத்தான்."

"மலைப்பாம்பா? மாங்கூழைக் காட்ட மலைப்பாம்பு வேணுமாக்கும்."

"சும்மா இருங்க. எண்ணிக்கை விட்டுப்போகுது."

ஏழாவது படியில் நிரலைத் திறந்தபோது திரையில் சிவப்பு எழுத்தில் பதினேழு வரிகள் வந்தன. கடைசி வரி, தேடிய ஏதோ ஒன்று கிடைக்கவில்லை என்றது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பதினேழு வரியையும் நோட்டில் எழுதி எண் போட்டேன். கணினியை அணைத்துவிட்டுப் போட்டேன். மறுபடி பதினேழு.

வார நாட்களில் ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ். திரும்பி வந்து அவருக்குத் தோள் பயிற்சி செய்ய வைத்து, சமைத்து முடித்தால் கணினியைத் திறக்கும் தெம்பு இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பதினேழு வரிகளை ஒவ்வொன்றாகக் கைபேசியில் தேடுவேன். அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கேள்வி கேட்கும் பக்கம் ஒன்று இருந்தது. என்னுடைய கேள்வியையே மூன்று வருடத்துக்கு முன் ஒருவர் கேட்டிருந்தார். ஆவலாகக் கீழே போனேன். "சரியாகிவிட்டது, நன்றி" என்று அவரே எழுதிவிட்டுப் போயிருந்தார். என்ன செய்தார், எப்படிச் சரியானது, ஒரு சொல் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் குறைநிவர்த்திப் படிவத்தை இப்படி நிரப்பினால் அன்றைக்கே திரும்பி வரும்.

இரண்டாவது ஞாயிறு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் படியிலிருந்து செய்தேன். பதினேழு வரி, பத்தொன்பது ஆயிற்று.

மூன்றாவது ஞாயிறு சிவப்பு வரிகளை ஒதுக்கிவிட்டு, சர்க்யூட் பலகையைக் கணினியோடு இணைக்கும் ஒன்பதாவது படியை மட்டும் பார்த்தேன். பலகையில் பச்சை விளக்கு எரிந்தது. கணினியோ பலகையே இல்லை என்றது. காலை முழுவதும் அதில் போயிற்று. திங்களன்று பலகையையும் ஒயரையும் டிபன் பையில் வைத்து எடுத்துப்போய், எங்கள் பராமரிப்புப் பிரிவு எலக்ட்ரீஷியனிடம் சாப்பாட்டு இடைவேளையில் காட்டினேன். அவர் சேலத்துக்காரர். ஒயரைத் தூக்கிப் பார்த்த உடனே சிரித்தார்.

"இது போன் சார்ஜர் ஒயருங்க மேடம். கரண்ட் மட்டும்தான் போவும், பேச்சு போவாது. எங்க வீட்டுக்காரியும் நானும் மாதிரி. வேற ஒயர் போடுங்க."

வேறு ஒயர் போட்டதும் பலகை தெரிந்தது. ஒன்பதாவது சதுரத்தில் டிக் அடித்தேன். ஏழாவது மட்டும் காலியாகவே இருந்தது. ஏழு முடியாமல் ஒன்பதை முடித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அதற்குள் ஜூன் பாதி தாண்டிவிட்டது. ஆலையின் சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்டார். என் கணவர் இரண்டு முறையும் "ரெடி ஆகிட்டே இருக்குங்க" என்றார். போனை வைத்த பிறகு என்னைப் பார்க்காமல் கூடத்திலிருந்த சட்டத்தைப் பார்த்தார். அதன்மேல் துவைத்த துண்டு ஒன்றைக் காயப்போட்டிருந்தோம்.

"எந்துக்கு உனக்கு இந்தக் கஷ்டம்?" என்றார். கோபமோ வருத்தமோ வந்தால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும். அது அவர் அம்மா வீட்டு மொழி. "ஆபீஸ்ல இருந்து அந்தச் சிவப்பு முத்திரையை எடுத்துட்டு வா. என் நெத்தியில ஒண்ணு குத்து. அந்த வேலை முடிஞ்சுது."

"முத்திரையை வெளியே கொண்டுவர அனுமதி இல்ல" என்றேன். உண்மையிலேயே இல்லை. அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. கண் எரிந்தது, முதுகு வலித்தது, அரிசி ஊறவைக்க மறந்திருந்தேன்.

நான்காவது ஞாயிறு கணினியை நோண்டவே இல்லை. எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். குறைபாட்டு அறிக்கை எழுதினேன். என்ன கணினி, என்ன பலகை, பதினொரு படிகளில் எதை எப்போது செய்தேன், எதன் பதிப்பு எண் என்ன, திரையில் வந்த பத்தொன்பது வரி. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எந்த இடத்திலும் "அவசரம்" என்றோ "தயவுசெய்து" என்றோ கெஞ்சாமல் எழுதி அந்தப் பக்கத்தில் போட்டேன். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆயிற்று.

புதன்கிழமை பஸ்ஸில் பதில் பார்த்தேன். அந்த மென்பொருளை எழுதியவரே எழுதியிருந்தார். இவ்வளவு தெளிவான அறிக்கை தனக்கு வந்ததில்லை என்று ஒரு வரி. அதன் பிறகு: நான்காவது படியில் எந்தப் பதிப்பைப் போடச் சொல்லியிருந்தேனோ அதைப் போடாமல், ஆறையுமே புதிய பதிப்பாகப் போட்டிருக்கிறீர்கள். நான் ஆறு வருடத்துக்கு முன் எழுதியது இது. எனக்கு உடம்பு சரியில்லாததால் புதியவற்றுக்கு ஏற்ப இன்னும் மாற்றவில்லை. பழையதைப் போடுங்கள், ஓடும்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அச்செடுத்த தாளை எடுத்தேன். நான்காவது படி. அவர் தெளிவாகத்தான் பதிப்பு எண் கொடுத்திருந்தார். ஆறு எண்களையும் நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன். பக்கத்தில் அன்றைக்குக் கிடைத்த ஆகப் புதிய எண்களை எழுதி, திருத்தத்துக்குச் சுருக்கக் கையெழுத்தும் போட்டிருந்தேன். அப்படி அடித்தது எனக்கு நினைவே இல்லை. பழைய எண்ணைப் பார்த்ததும் கை தானாகப் போயிருக்கிறது. குறிப்பை எழுதியவர் புதுப்பிக்க மறந்துவிட்டார், பாவம், நாம் சரிசெய்வோம் என்று நினைத்திருக்க வேண்டும். கணினியில் ஏற்கெனவே கிடந்த பழைய பைத்தான் ஒன்றையும், ஒன்றும் தங்கிவிடக் கூடாதென்று, தேடி அழித்திருந்தேன். அதையும் நோட்டில் நேரத்தோடு எழுதியிருந்தேன்.

நாலு வாரம். என் கணவரிடம் தாளைக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் தாளை இடது கையில் வாங்கிப் பார்த்தார். "கையெழுத்து வேற போட்டிருக்க" என்றார். பிறகு, "நான் போட்டிருந்தா இந்தத் தப்பே வந்திருக்காது. நான் அந்த நம்பரைப் படிச்சிருக்கவே மாட்டேன்."

"படிக்காம என்ன போட்டிருப்பீங்க?"

"என்னத்தையாவது. ஆனா நீ இப்படி உட்கார்ந்திருக்க மாட்ட. போ, காலைக் கழுவிட்டு வா, டீ போடறேன்."

ஐந்தாவது ஞாயிறு பழைய எண்களைத் தட்டினேன். ஒவ்வொன்றையும் தட்டும்போது, புதியது இருக்கிறது என்று கணினி நினைவூட்டியது. ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்றேன். மனசு ஒப்பவே இல்லை. நாற்பது நிமிடத்தில் ஏழாவது படி முடிந்தது. சிவப்பு வரி ஒன்றுகூட வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் திறந்தது, அவ்வளவுதான். வலதுபக்க அம்புக்குறியை அழுத்தினேன். வண்டி ஒரு முனகலோடு இடதுபக்கம் போய்ச் சட்டத்தின் நுனியில் முட்டி நின்றது. அவர் பூண்டு உரிப்பதை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"ஏய், நகருது! நகருது பாரு!"

"திசை மாறிப் போகுது."

"போகட்டும்மா. எந்தப் பக்கமாவது போகுதில்ல!"

நண்பருக்குப் போன் செய்து, மோட்டாரின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றியதும் திசை சரியானது. என் கணவர் அன்றைக்கே ஆலைக்குப் பேசி அடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னார். அதுதான் அவர்கள் கொடுத்த கடைசி நாள்.

ஆறாவது ஞாயிறு, காலை ஏழு மணிக்கு ஒரு வேனில் சட்டத்தைச் சாய்த்து வைத்துக் கிளம்பினோம். ஆலையில் எல்லோரையும் போல எங்களுக்கும் தலைக்கு வலைத்தொப்பி கொடுத்தார்கள். தரை முழுக்க ஈரம். பழுத்த வாசனை முதலில் நன்றாக இருந்தது. அரை மணி நேரத்தில் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. கழுவும் தொட்டியிலிருந்து பழங்கள் ஏறிவரும் கன்வேயர் பட்டை ஓரமாகச் சட்டத்தை நிறுத்தினோம். எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே முடிக்க வேண்டும் என்று அவர் விரலால் காட்டினார். நான் மடிக்கணினியில் இரண்டு புள்ளிகளைக் குறித்தேன்.

முதல் ஓட்டமும் இரண்டாவது ஓட்டமும் சரியாக இருந்தன. மூன்றாவதில் கேமரா முடிய வேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. நான்காவதில் இன்னும் முன்னால். சட்டம், ஒயர், பலகை, பாட்டரி என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சோதித்தேன். எதிலும் குறை இல்லை. ஐந்தாவது ஓட்டத்தில் திரையைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தேன்.

வண்டி தன்னைக் கடந்து போகும்போது அவருடைய இடது உள்ளங்கை கேமராவின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. தாங்குவதுபோல. வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுப் போயிற்று.

"கேமராவைத் தொடறீங்க" என்றேன்.

"நானா? தொடவே இல்லையே."

"தொட்டீங்க. கை பட்டா மோட்டார் சுத்தறதுல ரெண்டு மூணு படி தவறிடுது. அது தவறினது சாஃப்ட்வேருக்குத் தெரியாது. சரியான இடத்துல நிக்கறதா நினைச்சுக்குது."

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு போய், காலிப் பழக்கூடைகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். பட்டை ஓடிக்கொண்டே இருந்தது. பெண்கள் இரண்டு பக்கமும் நின்று, அழுகிய பழங்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு வாரமாக நான் அந்த வண்டியை ஓட வைக்கத்தான் பாடுபட்டேன். ஓடினால் அவர் கைக்கு வேலை இருக்காது என்பதை யோசிக்கவில்லை.

சூப்பர்வைசர் வந்தார். மடிக்கணினி என்னிடம் இருந்ததால் நேராக என்னிடம்தான் வந்தார்.

"மேடம், பதினொரு மணிக்கு ஷிப்ட் மாத்தறோம். அதுக்குள்ள கூழ் விழற இடத்தை எடுத்துடறீங்களா? எந்தப் பக்கம் நிக்கணும், எப்படிப் போகணும்னு சொன்னீங்கன்னா ஆளுங்களை நகர்த்திக் கொடுத்துடறேன்."

"எனக்குத் தெரியாதுங்க. நான் பட்டன் அழுத்தறவ. கேமராமேன் அவர். அவரைக் கேளுங்க."

அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது. அவர் சற்று நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து வந்து, கூழ் விழும் எஃகுத் தொட்டியை இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கத்தைக் காட்டினார். சட்டத்தை அங்கே தூக்கி வைத்தார்கள்.

"இங்கே ஆரம்பிச்சு அந்த வால்வு வரைக்கும் போகணும்" என்றார். "ஆனா ஒரே வேகத்துல போனா செத்த மாதிரி இருக்கும். கூழ் மடிஞ்சு விழுது பாரு, அங்கே மெதுவாகணும். நின்னுடக் கூடாது. பார்த்துட்டுப் போற மாதிரி."

"எத்தனை நொடி?"

"நொடியெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு மூச்சு."

"மூச்சைப் போட இதுல கட்டம் இல்லங்க. கையால செஞ்சு காட்டுங்க."

இடது கையில் கேமரா இருப்பதுபோல வைத்துக்கொண்டு காற்றில் நகர்த்தினார். தொட்டிக்கு நேரே கை இளகி, தயங்கி, நகர்ந்து போயிற்று. அது தொட்டியைக் கடக்கும் நேரத்தை நான் கைபேசியில் பிடித்தேன். மூன்று புள்ளி நான்கு நொடி. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். மூன்று புள்ளி நான்கு. மூன்றாவது முறை மூன்று புள்ளி ஐந்து. எங்கள் தொழிற்சாலையில் புது மெஷினை இந்த அளவு வித்தியாசத்துக்குள் நிறுத்தினால் கைதட்டுவார்கள். மூன்று புள்ளி நான்கு என்று தட்டினேன்.

"ஓட்டட்டுமா?"

"இரு." அவர் கை மறுபடி கேமராப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவரே பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். "இது சும்மா இருக்காது. உன் பையை இங்கே குடு."

என் தோளில் இருந்த பையைக் கழற்றிக் கொடுத்தேன். நோட்டும் தண்ணீர் பாட்டிலும் அச்செடுத்த மூன்று தாள்களும் இருந்த பை. அதன் வாரை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, அடியை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஓட்டு" என்றார்.

அழுத்தினேன். வண்டி நகர்ந்தது, தொட்டிக்கு நேரே இளகி மெதுவாயிற்று. அதோடு சேர்ந்து பையும் நகர்ந்து மெதுவாயிற்று.